ஃபேமிலிசர்ச்: குமரி மாவட்டத்து முன்னோரைத் தேட உதவுமா?

கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கினால் போதும். குடும்ப மரம் வரையவும் பழைய படங்களைச் சேர்த்து வைக்கவும் அருமையான தளம். ஆனால் அது குடும்பப்பெயரைக் கேட்கிறது. நம்மிடம் இருப்பதோ அப்பா பெயர். அதை அந்தக் கட்டத்தில் போட்டால் தாத்தாவும் பேரனும் வேறு வேறு குடும்பமாகத் தெரிவார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டு, வீட்டுப்பெயரை மாற்றுப்பெயராக எழுதுங்கள்.

குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவரை இரண்டு பெயரிலும் தேட வேண்டும். குமரிப் பகுதியின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவரான மயிலாடி மகாராசன்தானே ஞானஸ்நானத்தில் வேதமாணிக்கம் ஆனார்!

தேதிதான் பெரிய சிக்கல். 1956 நவம்பர் 1-க்கு முன் இது தமிழ்நாட்டில் இல்லை; 1949 வரை திருவிதாங்கூர் நாடு, அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். பழைய பத்திரங்களில் ஆவணியில் தொடங்கும் கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டு) இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஆவணியில் பிறந்தவருக்கு ஒரு வயது குறைந்துபோகும்.

இறந்தவர்களின் பக்கத்தை அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இதுதான் தளத்தின் பெரிய குறை. ஒவ்வொரு உறவுக்கும் சபைப் பதிவேட்டின் படத்தை ஆதாரமாக இணையுங்கள். முக்கியமானவர்களின் பக்கத்தைப் பின்தொடர்ந்தால் மாற்றங்கள் தெரியவரும். தனிப் பிரதியும் கையில் இருக்கட்டும்.