லண்டன் பிராம்ப்டன் ஆரட்டரி: ஞாயிறு 11 மணிப் பாட்டுப் பூசை

லண்டனின் தென் கென்சிங்டன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அடுத்து நிற்கிறது பிராம்ப்டன் ஆரட்டரி. புனித பிலிப் நேரி உரோமையில் தொடங்கிய சபையின் குருக்கள் நடத்தும் இக்கோவில், மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரால் 1884-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. இத்தாலியப் பரோக் பாணியில் அமைந்த உட்புறத்தையும், ஒருகாலத்தில் இத்தாலியின் சியன்னா பேராலயத்தில் இருந்த, சிற்பி மட்சுவோலியின் பளிங்கு அப்போஸ்தலர் சிலைகளையும் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. அவற்றைப் பற்றி எந்தப் பயண வழிகாட்டியிலும் படித்துக்கொள்ளலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு அங்கே இலத்தீனில் நடைபெறும் பாட்டுப் பூசையை, அதாவது பாடலோடு நிறைவேற்றப்படும் திருப்பலியை, மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

குருவானவர் மக்களோடு ஒரே திசையில் பீடத்தை நோக்கி நிற்கிறார். மன்றாட்டுகள் இலத்தீனில் ஒலிக்கின்றன. தூபம் தாராளமாகவே எழுகிறது. நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்க வருகிறவர்கள் பீடத்தின் முன்னுள்ள கிராதியருகே முழந்தாளிடுகிறார்கள். இவற்றைப் பார்க்கும் எவரும், வழிபாட்டைச் சீர்திருத்திய ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முந்தைய பழைய பூசைக்குள் வந்துவிட்டதாகவே எண்ணுவார்கள். உண்மையில் இது திருத்தந்தை ஆறாம் பவுல் 1969-இல் வெளியிட்ட புதிய திருப்பலிதான். நம் பங்குக் கோவில்களில் ஞாயிறுதோறும் தமிழில் நடப்பதும் இதுவே. இந்த ஒரு காரணத்துக்காகவே, வழிபாட்டில் மரபா சீர்திருத்தமா என்ற வாக்குவாதத்தில் இறங்கும் எவரும் ஒருமுறையாவது இந்தப் பூசையைக் காண வேண்டும் என்பேன். இருதரப்பாரும் 'பழையது' என்று சொல்லிச் சண்டையிடும் பலவற்றைச் சீர்திருத்தம் ஒழிக்கவேயில்லை என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

சங்கத்தின் ஏட்டையே எடுத்துப் பார்க்கலாம். திருவழிபாடு பற்றிய அதன் கொள்கைத்திரட்டு 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 வாக்குகள் எதிராகவும் விழ, 1963 டிசம்பர் 4 அன்று வெளியிடப்பட்டது. மக்களின் தாய்மொழிக்குக் கூடுதல் இடம் தரலாம் என்று கூறும் அதே 36-ஆம் பத்தி, இலத்தீன் சடங்குகளில் இலத்தீன் மொழி காக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. 116-ஆம் பத்தி, எல்லாரும் ஒரே மெட்டில் பாடும் பழைய இலத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் பாடலுக்கு முதன்மை இடம் அளிக்கிறது. பீடத்தைத் திருப்பி வைப்பது பற்றி அந்த ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. மக்களை நோக்கிப் பூசை செய்யத்தக்கதாகப் பீடம் சுவரைவிட்டுத் தள்ளி இருப்பது நல்லது என்ற கருத்து, மறுவருடம் வந்த செயல்முறை அறிவுரையில்தான் முதலில் இடம்பெற்றது. புதிய திருப்பலிப் புத்தகமோ, சில இடங்களில் குரு 'மக்கள் பக்கம் திரும்பி' அழைப்பு விடுக்க வேண்டும் என்று குறிப்பிடுகிறது. ஏற்கெனவே மக்களைப் பார்த்து நிற்கிறவருக்கு அந்தக் குறிப்பு தேவைப்படாது. ஆகவே பிராம்ப்டன் குருக்கள் சட்டத்தை மீறித் தனிவழி போகவில்லை. புத்தகம் திறந்தே வைத்திருக்கும் வாய்ப்புகளில், பெரும்பாலான பங்குகள் கைவிட்டவற்றை எடுத்து ஆள்கிறார்கள்.

உண்மையான பழைய பூசையோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் அதே ஞாயிறு காலை 9 மணிக்கே வந்துவிடலாம். அப்போது நடப்பது பழைய திருப்பலிப் புத்தகத்தின் 1962-ஆம் ஆண்டுப் பதிப்பின்படியான பூசை. பீடத்தடியில் குருவும் பீடச் சிறுவரும் மாறி மாறிச் சொல்லும் சங்கீதம், காணிக்கை நேரத்தின் நீண்ட பழைய செபங்கள், ஏறக்குறைய முழுவதும் தணிந்த குரலில் சொல்லப்படும் நற்கருணை மன்றாட்டு (அப்பமும் இரசமும் அர்ச்சிக்கப்படும் மையச் செபம்), கடைசி ஆசீருக்குப் பிறகு வாசிக்கப்படும் யோவான் நற்செய்தியின் தொடக்கம் ஆகியவை இதில் உண்டு. 11 மணிப் பூசையில் இல்லை. மாறாக, மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் ஞாயிறு வாசகங்களும், பழைய ஏற்பாட்டு முதல் வாசகமும், ஒன்றுக்கு மேற்பட்ட நற்கருணை மன்றாட்டுகளும் புதிய புத்தகம் கொண்டுவந்தவை. பழைய புத்தகத்தில் ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுக்குள் முடிந்து மீண்டும் தொடங்கிவிடும். சீர்திருத்தத்தின் தலையாய வரவு இந்த வாசகப் பெருக்கமே என்பது என் கருத்து. அதன் இழப்பு எது என்று கேட்டால், மொழியைவிடக் காணிக்கைச் செபங்களையே சுட்டுவேன்; அவற்றை எடுத்துவிட்டு அங்கே வைத்த சுருக்கமான புகழுரைகள் முந்தியவற்றின் கனத்தைத் தாங்கவில்லை.

பழைய பூசை இந்நாட்டில் நிலைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் காக்கக் கோரிய விண்ணப்பத்தில் கத்தோலிக்கரல்லாத எழுத்தாளர்களும் இசைவாணர்களும்கூடக் கையெழுத்திட்டார்கள். துப்பறியும் கதைகளுக்குப் பெயர்பெற்ற அகதா கிறிஸ்டியும் அவர்களுள் ஒருவர். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயரான கர்தினால் ஹீனன் கேட்டுக்கொண்டபடி ஆறாம் பவுல் 1971-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச்சலுகை வழங்கினார். 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்தக் கதவை உலகம் முழுவதற்கும் அகலத் திறந்தார். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பெருமளவு மூடி, அனுமதியை ஆயர்களின் கட்டுப்பாட்டில் வைத்தார். 11 மணிப் பூசைக்கோ இத்தகைய அனுமதி எதுவும் தேவையில்லை.

இனி இசைக்கு வருவோம். பாடுவது தொழில்முறைப் பாடற்குழு. பாலெஸ்திரினா, விக்தோரியா, பேர்டு முதலியோரின் பல்குரல் இசையிலிருந்து ஹைடன், மோட்சார்ட் வரை அவர்களுடைய களஞ்சியம் விரிகிறது. கச்சேரி அரங்கில் கேட்டுப் பழகிய இசை, அது எந்தச் செயலுக்காக இயற்றப்பட்டதோ அந்தச் செயலின் நடுவே ஒலிக்கும்போது அதன் நீளமும் நிறுத்தங்களும் பொருள் பெறுகின்றன. தரத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எனினும் சங்கத்தின் அளவுகோலையே இங்கும் வைத்துப் பார்க்க வேண்டும். 54-ஆம் பத்தி, திருப்பலியில் மக்களுக்குரிய நிலையான பகுதிகளை அவர்கள் இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ கூடியவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. 'தூயவர்' பாடலை நான்கைந்து குரல்கள் பின்னிப் பாடும்போது, அதைச் சேர்ந்து பாட வேண்டிய மக்கள் கேட்போராகிவிடுகிறார்கள். கேட்பதும் பங்கேற்பே என்ற வாதம் உண்டு. பல்குரல் இசைக்குச் சங்கமே இடமளித்ததும் உண்மைதான். ஆயினும், எல்லா மக்களும் பாடத்தக்க எளிய இலத்தீன் பாடல்களைத் தொகுத்து 1974-இல் ஆயர்களுக்கு அனுப்பிவைத்தவரும் இதே ஆறாம் பவுல்தான். 116-ஆம் பத்தியின்படி முழு மதிப்பெண் பெறும் இவ்வகைப் பூசை, 54-ஆம் பத்தியின்படி பாதியைத் தாண்டாது என்பதே என் தீர்ப்பு.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பூசையில் ஒரு வசதி உண்டு. இலத்தீன் ஒரு சொல்லும் அறியாதவரும், தமிழில் திருப்பலி கண்டு பழகியிருந்தால், வழி தவறமாட்டார். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', விசுவாசப் பிரமாணம், 'உலகின் பாவங்களைப் போக்கும்' எல்லாம் நாம் அறிந்த இடத்தில், நாம் அறிந்த வரிசையில் வருகின்றன. எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்பதும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். காலை 9 மணிப் பூசையில் இந்தக் கைப்பிடி கிடைக்காது. குரு பூசையின் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று புத்தகத்தில் தேடிக்கொண்டே இருப்பதைவிட, கையில் புத்தகமின்றி அமைதியாகச் செபிப்பதே அங்கே பலன் தரும்.

மறையுரை ஆங்கிலத்தில். கட்டணம் கிடையாது; காணிக்கை உங்கள் விருப்பம். பாட்டுப் பூசை வழக்கமான ஞாயிறு திருப்பலியைவிடக் கணிசமாக நீளும் என்பதால், சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் 10 மணி ஆங்கிலப் பூசையைத் தேர்வது நலம். இடம் பிடிக்கச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். பூசை நேரத்தில் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். பெருவிழாக் காலங்களில் நேரம் மாறக்கூடும் என்பதால், கோவிலின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு பூசைகளையும் ஒரே நாளில் காண விரும்புவோர் முதலில் 9 மணிக்கும் பிறகு 11 மணிக்கும் அமர்வது நல்லது. இடையில் ஒரு காப்பி குடிக்க நேரமிருக்கும். ஆனால் அடுத்த பூசையில் நற்கருணை வாங்க விரும்புகிறவர் அதற்கு முன் எதுவும் உண்ணாதிருக்கும் ஒரு மணி நேர உபவாசத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.