கைக்குள் ஒரு வருஷம்: எவர்சென்ஸ் 365

"கைக்குள்ள மிஷினை வெச்சுத் தெச்சுட்டாங்களாடி?" என்று தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில் அலறினாள். தைக்கவெல்லாம் இல்லை. மேல்கையில் மரத்துப்போக ஒரு ஊசி, சின்னக் கீறல், உள்ளே சர்க்கரையை அளக்கும் எவர்சென்ஸ் 365 என்ற ஒரு குச்சி, மேலே பிளாஸ்திரி. நியூ ஜெர்சியில் எடிசன் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

எனக்கு 19 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது 49. விரல் நுனியெல்லாம் சல்லடை.

குச்சியின் நீளம் சுமார் 18 மில்லிமீட்டர். அதற்குள் பாட்டரி கிடையாது. தோல்மேல் ஒட்டிக்கொள்ளும் டிரான்ஸ்மிட்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதை எழுப்பும்; உள்ளே குட்டி எல்இடி எரியும். சர்க்கரை வந்து ஒட்ட ஒட்ட மேல்பூச்சு கூடுதலாக ஒளிரும். அந்த ஒளியை அளந்துதான் போனில் எண் வருகிறது. உடம்பு அதை அந்நியன் என்று நினைத்துச் சண்டைக்கு வராதிருக்க, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த ஒரு வளையமும் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்ற முதல் எவர்சென்ஸ் 90 நாள் உழைத்தது. 2022-இல் வந்தது 180 நாள். 2024 செப்டம்பரில் அனுமதி பெற்ற இது, ஒரு வருஷம்.

துல்லியத்துக்குக் கம்பெனி சொல்லும் எண் 8.8 சதவீதம். லேபில் 200 என்றால் இதில் பதினேழு பதினெட்டு முன்னே பின்னே இருக்கலாம், அதுவும் சராசரியாக. சாப்பிட்ட பிறகு அது எனக்குப் பெரிசில்லை. ராத்திரி 65-இல் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஐந்தாறுகூடப் பெரிசு. உடம்பு ஒன்று சொல்லி போன் வேறு சொன்னால், யோசிக்காமல் விரலைக் குத்திவிடுவேன்.

ஆனால் அந்தத் துல்லியத்தில் பாதி நம் கையில் இருக்கிறது. கருவிக்கு அவ்வப்போது விரல் ரத்தத்தின் சர்க்கரை அளவைச் சொல்லித் தர வேண்டும்: முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒரு தடவை. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது நினைவூட்டல் வந்தது. கையைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்தினேன். மீட்டர் 212 என்றது, அப்படியே போட்டுவிட்டேன். சந்தேகம் வந்து சோப்புப் போட்டுக் கழுவிக் குத்தினால் 138! உடனே திருத்தியிருக்க வேண்டும், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் வரை கருவி நான் சொன்ன பொய்யையே எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு நடுவே உள்ள நீரை. அங்கே சர்க்கரை சில நிமிஷம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதனால் இட்லி இறங்கிச் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் சொல்லிக்கொடுத்தாலும் தப்பாகத்தான் கற்றுக்கொள்ளும். இப்போதெல்லாம் சனிக்கிழமை காலை, காபிக்கு முன்னால், கழுவித் துடைத்த கையோடுதான்.

இன்னொன்று. நியூ ஜெர்சியில் கோடை என்றால் உண்ணிக்கடி, உண்ணிக்கடி என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். அது சேர்ந்த டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள் இந்தக் கருவியின் அளவைக் குறைத்துக் காட்ட வைக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. ஆகஸ்டில் டாக்டர் எழுதத் தொடங்கும்போதே சொன்னேன். வேறு வகையான அமாக்ஸிசிலினுக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தக் கையேட்டைப் படிக்காமல் இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முன்பு வைத்திருந்த, தோலில் செருகும் வேறொரு சென்சார், கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை இறங்கிவிட்டதாகக் கூவி வீட்டையே எழுப்பும். இதில் அந்தத் தொல்லை எனக்கு இல்லை. அளவு இறங்கினால் டிரான்ஸ்மிட்டர் கையிலேயே அதிரும். போன் அடுக்களையில் கிடந்தாலும் தெரிந்துவிடும். தினமும் ஒட்டும் பட்டையை மாற்றி, சார்ஜ் போட வேண்டும். பல் தேய்க்கவே அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அடுத்த மாதம் இதை எடுத்துவிட்டு இடது கையில் புதியது வைக்கிறார்கள். மருமகள் வளைகாப்புக்குப் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். இடது கையை மட்டும் அரை அங்குலம் தளர்த்தச் சொல்லியாயிற்று. தையற்காரம்மா ஏன் என்று கேட்டதற்கு, "அங்கே ஒருத்தர் குடிவரப் போறார்" என்றேன்.