"மாமாவுக்கு மஞ்சள்காமாலைதானா?" – 'பாட்டிர்' பள்ளி நிகழ்ச்சி பற்றி

சிட்னியில் 11-ம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளிக்குப் போன மாதம் 'பாட்டிர்' அமைப்பிலிருந்து வந்து மனநலம் பற்றிப் பேசினார்கள். அன்று இரவு தோசைக்குக் காத்திருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அம்மா, மாமாவுக்கு அப்போ வந்தது நிஜமாவே மஞ்சள்காமாலைதானா?"

என் தம்பி கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது விடுதி அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டான். சாப்பாடு இல்லை, குளியல் இல்லை. விடுதிக் காப்பாளர் அப்பாவை வரவழைத்து, "மத்த பசங்க பயப்படுறாங்க, கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். திருநெல்வேலியில் சொந்தக்காரர்களிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டோம். பெரியம்மா தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். தம்பியும் மறுக்காமல் குடித்தான். மனநல மருத்துவரைப் பார்த்தது, மாத்திரை சாப்பிட்டது, ஒரு வருடம் கழித்துப் போய்ப் படிப்பை முடித்தது எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன். பல்கலைக்கழக நாட்களில் மனச்சோர்வோடு போராடிய செபாஸ்டியன் ராபர்ட்சன் 2011-ல் தொடங்கிய அமைப்பு இது. எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத விஷயத்தை இங்கே 'அறைக்குள் நிற்கும் யானை' என்பார்கள். நம் ஊரில் அது சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய். கஜகஸ்தானின் கரகண்டா மிருகக்காட்சிசாலையில், பேசும் யானை என்று பெயர் வாங்கிய ஒரு யானை இருந்தது. அதன் பெயரைத்தான் இந்த அமைப்புக்கு வைத்தார்கள்: பாட்டிர். நம் ஊரில் அது சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய்.

மேடையேறிப் பேசுவது டாக்டர் இல்லை. 18 முதல் 30 வயதுக்குள் இருக்கும், தானே நோயை அனுபவித்து மீண்டு வந்த இளைஞர்கள். பேசுவதற்கு முன் இரண்டு நாள் பயிற்சி எடுக்கிறார்கள். எதைச் சொல்லலாம், கேட்கும் பிள்ளையைக் காயப்படுத்தாமல் எப்படிச் சொல்லலாம் என்று அங்கே கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மகள் சொன்ன வரையில், வந்த பெண் தன் கஷ்டத்தை விவரித்ததைவிட, முதலில் யாரிடம் வாய் திறந்தாள், அப்போது என்ன வார்த்தை சொன்னாள் என்பதைத்தான் அதிக நேரம் பேசியிருக்கிறாள். "அவ எங்க ஸ்கூல் அக்கா மாதிரியே இருந்தாம்மா" என்றாள் மகள். விடுதியில் அன்று தம்பியைப் பார்த்துப் பயந்த பையன்கள், மீண்டு வந்த ஒருவனைக்கூட அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

கதையோடு விட்டுவிடாமல் எங்கே போக வேண்டும் என்றும் சொல்லித்தருகிறார்கள். மகள் நோட்டில் எழுதி வந்தது: 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கான மனநல மையமான 'ஹெட்ஸ்பேஸ்', தொலைபேசியில் உதவி கேட்க கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, லைஃப்லைன் 13 11 14. தமிழ்ப் பெற்றோருக்கு நான் ஒன்று சேர்க்கிறேன்: குடும்ப டாக்டரிடம் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதி வாங்கினால், உளவியலாளருடன் ஆண்டுக்கு 10 அமர்வுகள் வரை, கட்டணத்தில் ஒரு பகுதியை மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) திருப்பித் தரும். ஆங்கிலம் சிரமம் என்றால் 131 450 என்ற எண்ணை அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

ஒரு ஆசை உண்டு. "ஊர் என்ன சொல்லும்" என்று நடுங்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் அந்த மேடையில் ஏற வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளே, 18 வயது ஆனதும் அந்தப் பயிற்சிக்குப் போங்கள். உங்கள் பள்ளிக்கு இந்த நிகழ்ச்சி வந்தால், பெற்றோர் தயங்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மகளின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் தம்பியை அழைத்து, சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "போனை அவகிட்ட குடுக்கா, நானே சொல்றேன்" என்றான். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழாநெல்லி பேச்சு வந்தபோது இரண்டு பேரும் சிரித்தது சமையலறை வரை கேட்டது.