மீன் வளர்ப்பு இணையப் பயிற்சி: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

பண்ணை வேலையை விடாமலே படிக்கலாம், 12 வாரம், கடைசியில் சான்றிதழ் என்று விளம்பரம் செய்த ஒரு 'நிலைத்த மீன் வளர்ப்பு' இணையப் பயிற்சிக்குப் பணம் கட்டி, ஒரு வீடியோ விடாமல் பார்த்தோம். ஏமாந்தோம். பணம் போனதைவிடப் பெரிய கவலை வேறு. அதில் சொன்னபடியே செய்தால் மீன் சாகும். அதனால்தான் இந்தப் பதிவு.

தீவன அட்டவணையில் தொடங்குவோம். "தினமும் மீன் எடையில் 5% தீவனம்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அது சரி. சின்னக் குஞ்சுக்கு அதற்கு மேலும் வேண்டும். ஆனால் திலாப்பியா 300 கிராம் வந்தபின் 2 சதவீதமே தாராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிராமில் 1000 மீன் என்றால் மொத்தம் 300 கிலோ. 5% போட்டால் 15 கிலோ, 2% போட்டால் 6 கிலோ. மிச்சம் 9 கிலோ தினமும் அடியில் தங்கி அழுகும். 30% புரதமுள்ள தீவனத்தில் கிலோவுக்கு 48 கிராம் நைட்ரஜன் உண்டு. 9 கிலோவுக்கு 432 கிராம். ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் அது முழுவதும் மீனுக்கு நச்சான அமோனியாவாக மாறினால் ஒரே நாளில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். சூழலைக் காப்பது என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்து, அமோனியா பாடம். பயிற்சியாளர் சோதனைக் குழாயை வண்ண அட்டைக்குப் பக்கத்தில் பிடிக்கிறார், நிறம் 1 (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) என்ற கட்டத்துக்குப் பொருந்துகிறது, "சேஃப்" என்கிறார், வீடியோ அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. மொத்தம் அரை நிமிடம்கூட இல்லை. அந்தக் குழாய் காட்டுவது மொத்த அமோனியாவை. மீனின் செவுளைக் கெடுப்பது அதில் அயனியாகாத பங்கு, அதாவது மின்னேற்றம் இல்லாத விஷ வடிவம். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை பி.எச்சும் (நீரின் அமில-கார அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். 8 என்றால் சுமார் 5. 9 என்றால் சுமார் 36. அதே '1' என்ற அளவு, காலையில் பி.எச். 7-இல் 0.006; வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்து பி.எச். 9-க்கு ஏறிய பிற்பகலில் 0.36. அறுபது மடங்கு வித்தியாசம்! 0.05-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய நிலை. ஆகவே அமோனியாவையும் பி.எச்சையும் பிற்பகல் 3, 4 மணிக்குச் சேர்த்து அளக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை விடியும் முன் அளக்க வேண்டும். எதை எந்த நேரத்தில் அளப்பது என்பது 12 வாரத்தில் ஒரு இடத்திலும் வரவில்லை.

இதோடு "வாராவாரம் சுண்ணாம்பு" என்றும் சொல்கிறார்கள். எந்தச் சுண்ணாம்பு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மீன் இருக்கும் குளத்தில் சுட்ட சுண்ணாம்போ நீர்த்த சுண்ணாம்போ கொட்டினால் பி.எச். எகிறும், இருக்கிற அமோனியாவில் பெரும்பகுதி விஷப் பக்கம் சாயும். காரத்தன்மையை (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) அளந்து, குறைவாக இருந்தால் மட்டும், மெதுவாகக் கரையும் விவசாயச் சுண்ணாம்பு (சுண்ணாம்புக்கல் பொடி) போட வேண்டும்.

ஏன் அளக்கச் சொல்லித்தரவில்லை என்பது ஏழாவது வாரத்தில் விளங்கியது. அப்போதுதான் 'அமோனியா நீக்கி' பொடியை விற்க ஆரம்பித்தார்கள். அமோனியாவைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் என்ற கனிமம் கலந்த பொடி. நன்னீரில் ஓரளவு பிடிக்கும். உவர்நீரில் சோடியம் போட்டிக்கு வருவதால் பெரிதாகப் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே பொடி, ஒரே அளவு!

அமோனியாவிலிருந்து உருவாகும் இன்னொரு நச்சான நைட்ரைட்டுக்கு உப்பு போடச் சொன்னது மட்டும் சரியான பாடம். ஆனால் அளவு சொல்லவில்லை. நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு இருக்க வேண்டும். உப்பில் குளோரைடு சுமார் 60%. நைட்ரைட் லிட்டருக்கு 2 மில்லிகிராம், நீரில் முன்பே குளோரைடு இல்லை என்றால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சுமார் 3.3 கிலோ உப்பு. உங்கள் கிட் நைட்ரைட்-நைட்ரஜன் என்று காட்டினால் முதலில் 3.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழிலும் ஏமாற்று. "இதை முடித்தால் உங்கள் மீனுக்கு நிலைத்த வளர்ப்பு முத்திரை கிடைக்கும்" என்றார்கள். ஏஎஸ்சி (Aquaculture Stewardship Council), பிஏபி (Best Aquaculture Practices) போன்ற முத்திரைகள் பண்ணையை நேரில் தணிக்கை செய்து தருபவை. வீடியோ பார்த்த ஆளுக்கு யாரும் தருவதில்லை.

கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன கெடு 7 நாள். பாடங்களோ வாரத்துக்கு ஒன்றாகத்தான் திறக்கும். முதல் வாரம் வெறும் அறிமுகம். வீடியோவைப் பார்க்கும் உரிமை 90 நாள், ஒரு வளர்ப்புக் காலமோ ஆறு மாதம், அதற்கு மேல். சந்தேகம் வரும் காலத்தில் பாடம் பூட்டிக்கிடக்கும். நேரலை வகுப்பு மாலைத் தீவன நேரத்தில்; வேலை செய்பவர்களுக்கான பயிற்சி என்று சொல்லிவிட்டு இப்படி.

பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: "நீரின் வெப்பம் 30-லிருந்து 22-க்கு இறங்கிவிட்டது, தீவனம் எவ்வளவு போடட்டும்?" விஷயம் தெரிந்தவர் என்ன மீன், என்ன எடை, ஆக்சிஜன் எவ்வளவு, நேற்று எவ்வளவு தின்றது என்று திருப்பிக் கேட்பார். சட்டென்று ஒரு எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். அவர் வளர்த்த ஒரு தொகுதியின் தினப் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். பாடத்திட்டப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுக்குக் காட்டிய பக்கத்தைப் பிறகு மாற்றிவிட்டார்கள். ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் இணையப் பாடங்களை இலவசமாகவே தருகிறது, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் அந்த 5% அட்டவணையை இன்றே ஒதுக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வலை வீசி 30 முதல் 50 மீனை மொத்தமாக எடைபோட்டு, சராசரி எடுத்து, செத்ததைக் கழித்து மீதமுள்ள எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்த எடைக்குத்தான் தீவனம். போட்ட தீவனம் அரை மணிக்குப் பிறகும் தட்டில் மிச்சமிருந்தால் அடுத்த வேளைக்குக் குறையுங்கள்.