படம் வரையப் போகிறவர்களுக்கு கல்லடியில் ஒரு பூங்கன்றுக் கடை

குறையும் எழுதப்போவதால் கடையின் பெயர் வேண்டாம். மட்டக்களப்புக் கல்லடியில் வாவிப் பக்கமாக, பூங்கன்று விற்கும் இடம். பின்வளவில் தேநீரும் கிடைக்கும். ஒரு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டால் காலை முழுக்க இருந்து படம் வரையலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். சித்திரம் படிப்பிக்கிற எனக்கு அதுவே பெரிய விசயம்.

வரைவதற்கு முதல் இடம் கொடித்தோடைப் பந்தல்தான். ஒன்பது மணி வெயிலில் அதன் சட்டங்களின் நிழல் மணலில் வரிவரியாக விழும். மேடு வந்தால் வளையும், பூச்சட்டி வந்தால் ஏறி இறங்கும். பிள்ளைகள் எல்லாரும் பந்தலைக் கீறப் பார்க்கிறார்கள். நிழலை ஒழுங்காகக் கீறினால் பந்தல் தானாக நின்றுவிடும். அந்த நிழலுக்குக் கறுப்பு எடுக்கவே வேண்டாம், ஊதா கலந்த நீலம் போதும். வாசலில் உள்ள இரும்பு வளைவுக்கும் வெள்ளைப் பெயின்ற் தேவையில்லை. பின்னாலிருக்கும் போகன்விலாவைக் கடும்பச்சையில் வைத்து, வளைவு வரும் இடத்தில் தாளைச் சும்மா விட்டுவிடுங்கள். நீர்வர்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் கொண்டுபோவது நல்லது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முதற்பூச்சு முடியுமுன்னே காய்ந்துவிடும். திரும்பத் திரும்ப நனைத்தால் மெல்லிய தாள் சுருங்கும்.

சமர் ஹட் என்கிற சின்னக் குடில் சுமார். கிடுகு நரைத்து அருமையான சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது, இப்போது அதைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டிருக்கிறார்கள்.

என் பெரிய குறை அல்லிக் குளத்து மரப்பாலம். பளபளக்கும் சிவப்பு எனாமல். எங்கிருந்து பார்த்தாலும் கண்ணைக் குத்துகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1893இல் பிரான்சின் ஜிவெர்னியில் குளத்துக்கென்று நிலம் வாங்கி, ஜப்பானியப் பாணியில் ஒரு பாலம் போட்டார். அதற்கு அடித்த நிறம் பச்சை. அது இலையோடும் தண்ணீரோடும் கரைந்து நிற்பதை அவர் 1899இல் வரைந்த படங்களில் பார்க்கலாம். பின்னாளில் அந்தப் பாலத்துக்கு மேலேயே கொடிப்பந்தலும் போட்டார். இதைக் கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். "ரீச்சர், சிவப்பா இருந்தாத்தான் கலியாணப் புள்ளைகள் போட்டோ எடுக்க வருவாங்க" என்றார். சரி, அவருக்கு வியாபாரம்.

ஆகவே முகூர்த்த நாட்களில் போகாதீர்கள், கமரா ஆட்கள் பந்தலடியில் இருந்து கதிரையோடு எழுப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் தாராளமாகப் போகலாம். குளத்தடியில் நுளம்பு கூட, நீளக் காற்சட்டையோடு போங்கள்.