கூரை திறக்கும் காருக்கு ஸ்பீக்கர் மாற்றியபின்: ஒரு நீண்ட நாள் அனுபவம்

என்னிடம் இருப்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக் கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். காரோடு வந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு வேறு போட்டு, வெயில், மழை, குளிர் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் எதிர்பார்ப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கூரையைத் திறந்துகொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது பாடகர் என்ன பாடுகிறார் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இது கேட்பதற்குத்தான் எளிது.

மூடிய காருக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இங்கே எடுபடாது. கண்ணாடியெல்லாம் ஏற்றிய காரில் உள்ளறை சின்னது என்பதால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸ், அதாவது ஆழ்ந்த தாழ்ந்த ஒலி, தானாகவே கூடிக் கேட்கும். சாதாரண ஸ்பீக்கருக்குக்கூட அந்தச் சலுகை உண்டு. கூரையைத் திறந்த கணத்தில் அது போய்விடுகிறது. அதோடு நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுபவரின் காதருகே காற்றிரைச்சல் 85 முதல் 90 டெசிபல் வரை போகும். அந்த இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது, அதாவது பேஸ் உட்கார வேண்டிய அதே இடத்தில். அங்கே போய் ஆழமான பேஸைத் தேடுவது கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது நான் முதலில் பார்த்தது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 300 வாட் என்று போட்டிருப்பார்கள். அது ஸ்பீக்கர் தாங்கும் உச்ச அளவு. எவ்வளவு சத்தமாகப் பாடும் என்பதை அது சொல்லாது. காரோடு வரும் ஹெட் யூனிட், அதாவது டாஷ்போர்டில் உள்ள பாட்டுக் கருவி, ஒரு சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கர் இணைப்புக்கு) உண்மையில் தொடர்ந்து தருவது 15, 20 வாட்தான். 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் 80 வாட்டில் தரும் சத்தத்தை, 92 டெசிபல் உள்ளது 20 வாட்டிலேயே தந்துவிடும். திறந்த காரில் இந்த ஆறு டெசிபல்தான் எல்லாம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் ஒரு வாட்டில் அளக்கிறார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் இரண்டு வாட். எண் மூன்று டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஒப்பிடும்போது எந்த அளவீடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நான் எடுத்தது ஆறரை அங்குல காம்போனென்ட் செட், அதாவது தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர். கதவில் தாழ்ந்த ஒலிக்கான ஊஃபர், பக்கக் கண்ணாடி மூலையில் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர். இரண்டும் ஒன்றாகவே வரும் கோஆக்சியல் எடுத்திருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் கதவு ஸ்பீக்கர் இருப்பது கெண்டைக்கால் உயரத்தில். உயர்ந்த ஒலிகள் நேர்க்கோட்டில் போகிறவை, முழங்காலிலேயே முட்டி நின்றுவிடும். ட்வீட்டர் மேலே வந்ததும் சொற்கள் தெளிந்தன. மிருதங்கத்தில் வலந்தலையின் ஒவ்வொரு அடியும் இப்போது காற்றைத் தாண்டி வருகிறது. தொப்பிப் பக்கம் வேகம் கூடினால் மங்கித்தான் போகிறது, அதற்கு மருந்தில்லை.

பெரிய மாற்றம் ஸ்பீக்கரால் வந்ததா என்று கேட்டால், பாதிதான் என்பேன். மீதி ஆம்ப்ளிஃபையரால். இருக்கைக்குப் பின்னால் அடங்கும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகைச் சின்ன ஆம்ப், சேனலுக்கு 75 வாட். அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் கதவு ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் வெட்டிவிட்டேன். எப்படியும் கேட்கப்போகாத பேஸுக்காக ஊஃபர் முன்னும் பின்னும் தவிப்பது நின்றது. வால்யூமை ஏற்றினாலும் குரல் கிழிவதில்லை. காற்றுக்கு மேல் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுகிறோம். அந்த நிலையிலும் சுத்தமாகப் பாட ஆம்பிடம் கையிருப்பு வேண்டும்.

கதவு வேலையை மட்டும் சுருக்கிச் செய்துவிடாதீர்கள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி கதவுத் தகட்டின் ஓட்டைகள் வழியாக முன்னே வந்தால், முன்பக்க ஒலியை அடித்துவிடும். அந்த ஓட்டைகளை மூடி, தகட்டில் அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டியதில் கிடைத்த நடு பேஸ், விலை கூடிய ஸ்பீக்கரில்கூடக் கிடைத்திருக்காது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் அடைக்கக் கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்து, காந்தத்தில் இடிக்கிறதா என்று சோதித்த பிறகே திருகாணி போட வேண்டும்.

கார் தயாரிப்பாளர்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் தலைசாய்ப்பிலேயே ஸ்பீக்கர் வைத்தார்கள். காதுக்கு அருகில் இருப்பதால் குறைந்த சத்தமே போதும். 2012இல் வந்த மெர்சிடஸ் எஸ்எல்லில் ஊஃபர்களைக் கால் வைக்கும் இடத்துக்கு முன்னால், உடற்சட்டத்தின் வெற்றிடத்தோடு சேர்த்து அமைத்தார்கள். கதவை நம்பாமல் பேஸ் எடுக்கும் வழி. நம்மால் செய்யக்கூடியதல்ல, ஆனால் யோசனை அபாரம்.

ஆழமான பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே தடுப்பு இருப்பதால் டிக்கியில் வைத்துப் பயனில்லை. இருக்கைக்கு அடியில் போகும் தட்டையான ஒன்றைப் போட்டிருக்கிறேன். கூரை மூடியிருக்கும்போது நன்றாகவே இருக்கிறது. திறந்ததும் முதுகில் லேசான அதிர்வு தெரியும், அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கூரை மூடியதற்கு ஒன்று, திறந்ததற்கு ஒன்று என்று இரண்டு அமைப்பு கட்டாயம் வேண்டும். ஒரே அமைப்பில் ஓட்டினால், திறந்தபோது இதமாக இருந்த ட்வீட்டர் மூடியதும் காதைக் குத்தும். வேகத்துக்கேற்ப வால்யூம் ஏறி இறங்கும் வசதி உங்கள் ஹெட் யூனிட்டில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் எல்லாம் உங்கள் பாட்டைத்தான் கேட்பார்.

நீடித்து உழைப்பதில் குறையில்லை. பழைய ஸ்பீக்கர்களின் நுரை விளிம்பு வெயிலில் பொடிந்து உதிர்ந்திருந்தது. அதனால்தான் பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதாகத் தேடினேன். திடீர் மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. கிரில்லின் கறுப்பு சற்று வெளுத்திருக்கிறது, கதவுத் திருகாணிகளை அவ்வப்போது முறுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மழையில் அடிக்கடி நனையும் வண்டி என்றால் படகுகளுக்கென்று செய்யும் மரைன் ஸ்பீக்கர்களையும் பார்க்கலாம்.

இன்னொன்று, காது. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் (NIOSH) அமைப்பு 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 91 என்றால் 2 மணி நேரம். காற்றிரைச்சலே அங்கே வந்துவிடும்போது அதை மீறிப் பாட்டு வைப்பது யோசிக்க வேண்டிய காரியம். இருக்கைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பான விண்ட் டிஃப்ளெக்டர் மாட்டி, பக்கக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டால் இரைச்சல் கணிசமாகக் குறைகிறது. ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்து பாருங்கள். சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். நீண்ட தூரம் என்றால் நான் கூரையை மூடிக்கொள்கிறேன். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் காலி செய்யலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்.