லண்டன் விசாவா, ஷெங்கன் விசாவா: எது முதலில்?

மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். மே மாதம் அவனைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாவுக்கு, அப்படியே பாரிஸையும் சுவிட்சர்லாந்துப் பனியையும் பார்த்துவிட்டு வர ஆசை. லண்டனில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் பாரிஸ்தான். ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு விசா, இரண்டு கட்டணம்.

ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. அது ஒன்று இருந்தால் 29 நாடுகள் போகலாம், பிரிட்டன் அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து அதில் உண்டு. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து இல்லை. கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பிரிட்டன் ஒரே வருகையில் ஆறு மாதம் வரை விடும்.

ஷெங்கனுக்கு ஆவணப் பட்டியல்தான் முக்கியம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குமிட முன்பதிவு, பயணத் திட்டம். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாத ஆயுள். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் போட்டுவைப்பது வம்பு.

பிரிட்டனுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. விசா வருமுன் டிக்கெட் வாங்காதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். பென்ஷன், சொந்த வீடு, வாடகை வரவு, ஐ.டி. ரிட்டர்ன் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். முந்தின வாரம் மச்சானிடம் கைமாற்றாக வாங்கி அக்கவுன்ட்டில் போட்ட ஐந்து லட்சம், உதவுவதை விடச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஷெங்கனில் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

பிரிட்டனில் இரண்டு ஆண்டு விசா வாங்கிவைத்தால் லாபம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரல் கட்டணப்படி ஆறு மாத விசா 127 பவுண்ட், இரண்டு ஆண்டு விசா 475. அந்த இரண்டு ஆண்டில் நான்கு முறை போனால்தான் பணம் மிச்சம். மகனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்றால் சரி. இல்லையென்றால் மறுபடி விண்ணப்பிக்கும் அலைச்சல் குறையும், பணம் மிச்சமாகாது.

இனி வரிசை. ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பிரிட்டனுக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான். அதைப் பார்த்தால் ஷெங்கன்தான் முதலில் என்று தோன்றும். ஆனால் பாரிஸிலிருந்து லண்டனுக்குத் திரும்பப் போகிறவரிடம் ஷெங்கன் தூதரகம் பிரிட்டன் விசாவைக் கேட்கக்கூடும். அதனால் என் ஓட்டு பிரிட்டனுக்கே. மே பயணத்துக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் விண்ணப்பித்தால், வழக்கமான மூன்று வாரக் கணக்கில் மாத இறுதிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். மார்ச் நடுவில் ஒரு ஷெங்கன் அப்பாயின்ட்மென்ட்டை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் முடிவு வர வழக்கமாக 15 நாள். சிக்கலானால் 45 நாள்கூட ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள். லண்டன், பாரிஸ், லண்டன் என்று போனால் ஒற்றை நுழைவு ஷெங்கன் போதும். பாரிஸில் இறங்கி, லண்டன் போய், பிறகு ரோம் என்றால் போதாது. விண்ணப்பப் படிவத்திலேயே எத்தனை நுழைவு வேண்டும் என்று குறித்துவிடுங்கள்.